எந்தச் சாக்கு, அக்கா?

எங்கள் அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவரை அறிந்த உறவினர்களுக்கும், நீலசந்திரா தெருவாருக்கும், ஜீவனஹள்ளியில் எங்களோடு வளர்ந்தவர்களுக்கும் இந்தச் சிறு மலரை அவர் நினைவாகக் கொடுக்கிறோம். அக்காவைப் பற்றி எழுத வேண்டியது நான்தான் என்று மாமா சொல்லிவிட்டார். மாமா என்றால் அக்காவின் கணவர். தங்கச்சி நீ இருக்கும்போது வேறு யார் எழுதுவது என்று கேட்டார். நான் வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறவள். அளவு கொடுத்தால் வெட்டுவேன். அக்காவுக்கு மட்டும் அளவு எடுக்க எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஆகையால் இதைப் படித்தால் ஏதாவது தெளிவு கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே குழப்பமாக இருப்பதை நான் குழப்பமாகத்தான் எழுத முடியும்.

அக்கா பிறந்தது ஜீவனஹள்ளியில். எங்கள் குடும்பம் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தவர். நாங்கள் பெண்கள் இரண்டு பேர்தான், அக்கா மூத்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பேக்கரி முதலாளி வீட்டில் உருது. மூன்றும் அக்காவின் வாயில் ஒன்றாகத்தான் குடியிருந்தன. எந்த வார்த்தை எந்த பாஷை என்று அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. காபி ஊற்றினால் "சாக்கு, சாக்கு" என்று டம்ளர் மேல் கையை வைப்பார். வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன், கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். அரிசி மூட்டை கட்டுகிற சாக்குக்கு எங்கள் அம்மா வீட்டில் கோணி என்றுதான் பேர். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

மாமாவுக்குச் சொந்த ஊர் சேலம் பக்கம். சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. கல்யாணமாகி அக்கா நீலசந்திரா வீட்டுக்கு வந்த புதிதில், மாமியார் அடுப்படியில் நின்று "அந்தச் சாக்க எடும்மா" என்றாராம். அக்கா காபி ஊற்றிக்கொண்டிருந்தவர், சட்டென்று ஊற்றுவதை நிறுத்திவிட்டார். மாமியார் கால் துடைக்கிற சாக்கைக் கேட்கிறார், மருமகள் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். இந்தக் கதையை மாமா எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு அக்காவும் மாமா வீட்டுப் பழக்கத்தில் கோணியைச் சாக்கு என்று சொல்ல ஆரம்பித்தார். ஆனால் காபி டம்ளர் மேல் கை வைக்கும்போதும் அதே சாக்குதான். கேட்கிறவர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மகள் செல்வி பிறந்து நடக்க ஆரம்பித்ததும் அக்கா ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தார். கூட்டிப் பெருக்குவது, கப் கழுவுவது, தண்ணீர் கேன் மாற்றுவது. காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், யூனிஃபார்ம் கலர் மாறியது, அக்கா மட்டும் அதே மாடியில் இருந்தார். மாமாவுக்கு மழைக்காலத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கஷ்டம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு" என்பார், அவ்வளவுதான்.

இனி அக்காவின் சேமிப்புக்கு வருகிறேன். எல்லோரும் அதைத்தான் எழுதச் சொன்னீர்கள். முதலில் ஒன்று, அக்கா கஞ்சம் கிடையாது. தீபாவளிக்கு நெய் ஊற்றித்தான் மைசூர்பாகு கிளறுவார். வாசலுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். ஆனால் செலவாகாமல் தப்பித்த காசு அவர் கையில் நிற்காது. தள்ளுவண்டிக்காரரிடம் தக்காளிக்குப் பேரம் பேசிக் குறைத்தால், குறைந்த காசை வீட்டுக்கு வந்ததும் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கில் தனியாக எடுத்துப் போட்டுவிடுவார். அவரைப் பொறுத்தவரை முழு விலையும் கொடுத்தாகிவிட்டது. கேஸ் சிலிண்டர் எதிர்பார்த்ததற்கு மேல் நாலு நாள் எரிந்தால் அதற்குக் கொஞ்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகாமல் முட்டைக் குழம்பு வைத்தால் அதற்குக் கொஞ்சம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டால் வருகிற சில்லறையும் அங்கேதான் போகும். போடும்போது "கொடுத்தாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்வார். யாருக்கு என்று கேட்டால், "வரப்போறவனுக்கு" என்பார்.

இந்த வரப்போறவனால் அந்த வீட்டில் நடந்த கூத்து கொஞ்சமில்லை. கல்யாணமான புதிதில் அவன் யார் என்று தெரியாமல் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாராம். செல்வி சின்னப் பெண்ணாக இருந்தபோது அது தனக்கு வரப்போகிற மாப்பிள்ளை என்று நினைத்து வெட்கப்பட்டாள். நான் எமன் என்று நினைத்தேன். அதைச் சொல்லித் தலையில் குட்டும் வாங்கினேன். கடைசியில் ஒருநாள், செல்வி கல்யாணத்துக்குக் கை கடித்தபோது, மாமா கேட்டே விட்டார். சேர்த்து வைத்திருக்கிறாயே, பெண் கல்யாணத்துக்கு எடுக்காமல் வேறு எதற்கு எடுப்பாய் என்று. அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"கல்யாணம் வரும்னு அவ பொறந்த அன்னைக்கே தெரியாதா உங்களுக்கு?" என்றார் அக்கா. "தெரிஞ்சு வர்றது செலவு. தெரியாம வர்றவன்தான் அவன்."

கல்யாணம் மட்டும் ஆபத்து இல்லையா என்று மாமா முணுமுணுத்தார். எல்லோரும் சிரித்தோம், அக்காவும் சிரித்தார், தூக்கு மட்டும் வெளியே வரவில்லை. காதிலும் கழுத்திலும் இருந்ததை விற்றுத்தான் அந்தக் கல்யாணம் நடந்தது. பள்ளிக்கூட ஃபீஸ், வாடகை ஏற்றுவது, மாமாவின் மழைக்காலம் எல்லாமே அவர் கணக்கில் தெரிந்து வருகிற செலவுதான். அப்படியென்றால் எதுதான் தெரியாமல் வருவது என்று எனக்குப் புரியவில்லை. அவ்வளவு கறாராக ஒரு மனுஷியால் இருக்க முடியுமா என்று கோபம்கூட வந்தது.

ஊரடங்கு வந்தபோதுதான் கொஞ்சம் புரிந்தது. ஆபீஸை மூடிவிட்டார்கள், பெயிண்ட் அடிக்க மாமாவை யாரும் வீட்டுக்குள் விடவில்லை. ஒருநாள் காலை அக்கா போன் செய்து "வந்துட்டாண்டி" என்றார். யார் என்று நான் பதறினேன். "அவன்தான்" என்றார். அன்றைக்கு அந்த எவர்சில்வர் தூக்கு வெளியே வந்தது. அந்த மாதங்களில் அவர்கள் வீட்டு வாடகையும் அரிசியும் அதிலிருந்துதான். மாமா போலீஸுக்குப் பயந்து பயந்து சைக்கிளில் ஜீவனஹள்ளிவரை வந்து எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். மேல்வீட்டில் குடியிருந்த ஒடிசாக்காரக் குடும்பத்துக்கும் அரிசி போயிற்று. எல்லாம் தீர்ந்த பிறகு நான் போனபோது அக்கா தூக்கைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தார். அழ வேண்டிய இடத்தில் சிரிக்கிறாரே என்று எனக்கு அதுவும் குழப்பம்தான். ஆபீஸ் திறந்ததும் மறுபடி முதல் காசு விழுந்தது. தூக்கை மட்டும் வேறு எங்கோ மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு அது எங்கே இருக்கிறது என்று மாமாவுக்கும் தெரியாது, செல்விக்கும் தெரியாது.

பெண்களுக்கு பஸ் இலவசம் என்று வந்தபோது நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அக்காவும் சந்தோஷப்பட்டார், ஆனால் வேறு மாதிரி. பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் கொடுக்கிற காசில்லாத டிக்கெட்டை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், அந்த டிக்கெட்டுக்கு முன்பு என்ன காசோ அதை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். "கொடுத்தாச்சு" என்று குரல் மட்டும் கேட்கும். ஒருநாள் அவரோடு சிவாஜிநகர் போய் வந்தேன். என் டிக்கெட்டுக்கும் என்னிடம் காசு கேட்டார். இலவசம் என்றால் இலவசம்தானே அக்கா என்றால், பஸ்ஸுக்குத்தான் இலவசம், உனக்கு இல்லை என்றார். பர்ஸைத் திறந்து கொடுத்துவிட்டேன்.

பத்து ரூபாய் நாணயம் என்றால் அவருக்கு உயிர். நம் ஊரில் பாதிக் கடைக்காரர்கள் அதை வாங்க மாட்டார்கள், செல்லும் என்று பேங்கில் சொன்னாலும் வாங்க மாட்டார்கள். கடைக்காரன் வாங்காத காசை நாமும் அவசரப்பட்டுச் செலவழிக்க மாட்டோம், அதனால் அதுதான் பத்திரம் என்பது அக்காவின் கட்சி. கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே குடியிருக்கிற செல்வி போனில் ஸ்கேன் பண்ணிக் காசு கொடுக்க ஆரம்பித்தபோது அக்காவுக்குத் திண்டாட்டமாகிவிட்டது. போனில் மிச்சம் எங்கே விழும்? அதனால் செல்வி கடைக்குப் போய்வந்தால் அக்கா வாசலிலேயே கையை நீட்டுவார். செல்வி திட்டிக்கொண்டே பர்ஸைத் துழாவி ஒரு காசைக் கையில் வைத்தால்தான் வழி விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளியலறை மூலையில் ஒரு பழைய செம்பு பாய்லர் இருந்தது, விறகு போட்டுத் தண்ணீர் காய்ச்சுவது. பக்கத்தில் கொட்டாங்குச்சி அடைத்த ஒரு மூட்டை. மாமா கீசர் மாட்டிய பிறகு இரண்டையும் தூக்கிப் போடலாம் என்றார். "கரண்ட் போனா?" என்று கேட்டு அக்கா தடுத்துவிட்டார். கரண்ட்டும் போனது, வந்தது, யாரும் பாய்லர் பக்கம் போகவில்லை. மூட்டை அங்கேயே கிடந்தது.

ஒருநாள் காலை ஆபீஸில் கப் கழுவிக்கொண்டிருந்த அக்கா அப்படியே சரிந்து விழுந்தார். கூட வேலை செய்த பெண்கள் பக்கத்து நர்ஸிங் ஹோமில் சேர்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் போனபோது வலது பக்கம் கையும் காலும் விழுந்திருந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், முன்பணம் கட்டினால்தான் அங்கே எடுப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். காண்ட்ராக்டர் மாறி, புது இன்ஷூரன்ஸ் கார்டு கைக்கு வராமல் இருந்த நேரம் அது. விற்க நகையும் இல்லை. மாமா பெயிண்ட் படிந்த சட்டையோடு நின்றார், அவர் பாக்கெட்டில் அன்றைய டீக்காசுதான் இருந்தது.

அப்போது செல்வி அக்காவின் முகத்தருகே குனிந்தாள். அக்கா இடது கையால் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். வாய் ரொம்ப நேரம் அசைந்தது. பிறகு ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"சாக்கு."

மறுபடியும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ் கன்னடப் பெண், ரொம்ப நல்ல மனசு. அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டே எங்களிடம், "சாக்கு அந்தித்தாரெ, பிட்பிடி" என்றார். போதும் என்கிறார்கள், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் கேட்டது. காபி டம்ளர் மேல் கை வைக்கும்போது சொல்கிற அதே சாக்கு. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போதும் என்கிறாள், வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று டாக்டரிடம் சொல்ல வாய் எடுத்தார்.

செல்விதான் தடுத்தாள். "போதும்னா எதுக்குப்பா என் துப்பட்டாவ இழுக்கறாங்க? அவன் வந்துட்டான்னு சொல்றாங்க. சாக்குல இருக்குங்கறாங்க." என் பக்கம் திரும்பி, "கோணி, சித்தி, கோணி" என்றாள். சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அவள் வருகிறவரை நான் அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி சொன்னது சரியாக இருக்க வேண்டுமே என்று எனக்கு ஆசை. நர்ஸ் சொன்னதுதான் சரியென்றால் நாங்கள் செய்வது என்ன என்று பயம். அக்கா கண்ணை மூடியிருந்தார், கேட்க வழியில்லை.

வீட்டில் செல்வி முதலில் அடுப்படி வாசலில் கால் துடைக்கிற சாக்கை எடுத்து உதறியிருக்கிறாள். புழுதிதான் வந்தது. பரணில் இருந்த ராகிச் சாக்கில் முழங்கைவரை கையை விட்டுத் துழாவியிருக்கிறாள். ராகிதான் வந்தது. வீட்டில் வேறு சாக்கு ஏது என்று அழுதுகொண்டே நின்றபோதுதான் கொட்டாங்குச்சி மூட்டை நினைவு வந்திருக்கிறது. கவிழ்த்தாள். கொட்டாங்குச்சிகளுக்கு நடுவே எவர்சில்வர் தூக்கு உருண்டு வந்தது. அடியில் பால் கவரில் சுற்றிய நோட்டுகள், மேலே வாய்வரை பத்து ரூபாய் நாணயம்.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் அவ்வளவு நாணயத்தை எண்ணி வாங்க மாட்டார்களே என்று அடுத்த கவலை. பக்கத்து வீட்டு அண்ணன் பஸ் கண்டக்டர், ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் தன்னிடம் இருந்த நோட்டைக் கொடுத்து, டிப்போ நண்பர்களிடமும் மாற்றி, வாங்கிய நாணயத்தைப் பையில் கொட்டிக்கொண்டு போனார். பஸ்ஸுக்குக் கொடுத்தாச்சு என்று அக்கா போட்ட காசு கடைசியில் ஒரு கண்டக்டர் பைக்கே போய்ச் சேர்ந்தது. முன்பணத்துக்கு அது போதுமானதாக இருந்தது. காலியான தூக்கைச் செல்வி எடுத்த இடத்திலேயே போட்டு மூட்டையைக் கட்டிவிட்டாள்.

அக்கா பிழைத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தார். அந்த வருஷத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கோலை ஊன்றிச் சுவரைப் பிடித்துக் குளியலறைவரை நடப்பார், கதவைத் தானே சாத்திக்கொள்வார், யாரையும் உள்ளே விட மாட்டார். பேச்சில் நாலைந்து வார்த்தைகள்தான் திரும்பின. வா, டீ, ம்ஹூம், சாக்கு. சில நாள் டிவி சீரியலைப் பார்த்து அரை முகத்தால் சிரிப்பார். சில நாள் மற்றவர் கையால் துணி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு அழுவார், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார். அப்படி ஒரு நாளில்தான் மாமா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"அவ போதும்னுதான் சொன்னாளோ என்னமோம்மா. நாமதான் புரிஞ்சுக்காம இழுத்துட்டு வந்துட்டோமா?"

ஒரே வார்த்தை. ஒரு பக்கம் பார்த்தால் என்னைக் காப்பாற்று என்கிறது, இன்னொரு பக்கம் பார்த்தால் என்னை விடு என்கிறது. நாங்கள் எங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டோமா, அக்கா சொன்னதைக் கேட்டோமா? வேறு பாஷையில் அந்த வார்த்தை இல்லாத ஊரில் பிறந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

செல்வி விடவில்லை, கேட்டே பார்த்தாள். ஒரு கையில் கால் துடைக்கிற சாக்கையும் இன்னொரு கையில் காபி டம்ளரையும் நீட்டி, "அன்னைக்கு எதம்மா சொன்னே?" என்றாள். அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காபியை வாங்கிக் குடித்துவிட்டார். போதும் என்று சொன்னதாக அதற்கு அர்த்தமா, காபி ஆறிவிடுமே என்று குடித்தாரா என்று நாங்கள் மூன்று பேரும் சாயங்காலம்வரை வாதம் செய்தோம்.

கைக்குப் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிப் பெண் ஒருவர் வருவார். ஒரு கிண்ணத்தில் நாணயங்களைப் போட்டு, விழுந்த கையின் விரலால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போடச் சொல்வார். தினமும் செய்ய வேண்டும் என்றார். அக்கா மற்ற பயிற்சிக்கெல்லாம் முகத்தைச் சுளிப்பார், இதற்கு மட்டும் தானே கிண்ணத்தைக் கேட்பார். கொஞ்ச நாளில் கிண்ணத்தில் காசு குறைய ஆரம்பித்தது. செல்வி மறுபடி போட்டு வைத்தாள், மறுபடி குறைந்தது. மாமா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஜாக்கெட் கூலியே எனக்குப் போதும் மாமா என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். பிறகு அக்கா விழுங்கிவிடுகிறாரோ என்று பயந்து எக்ஸ்ரே எடுப்பதுவரை பேச்சுப் போயிற்று. கட்டிலுக்குக் கீழே, தலையணைக்குள்ளே, அவர் படுத்திருந்த அறை முழுவதும் தேடினோம். அக்கா நாங்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

கடைசி நாள் காலையில் நான்தான் ராகிக் கஞ்சி ஊட்டினேன். பாதிக் கிண்ணம் ஆனதும் "சாக்கு" என்றார். கரண்டியை அப்படியே நிறுத்தினேன். என்னவோ தோன்றி, கேட்டேன்.

"எந்தச் சாக்கு, அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். கஞ்சி தாடையில் வழிந்தது, துடைத்துவிட்டேன், துடைக்கத் துடைக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. மதியம் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று வந்திருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வரிசையாகக் குளிக்க நிற்கிறார்கள், கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய பாய்லரைப் பற்ற வைக்கலாம் என்று மாமா சொன்னார். கொட்டாங்குச்சி எடுக்க நான் மூட்டையை அவிழ்த்துச் சாய்த்தேன். உள்ளே ஏதோ கலகலவென்றது. தூக்கை எடுத்தேன், கனத்தது. மூடியைத் திறந்தால் பயிற்சிக் கிண்ணத்து நாணயங்கள். கோலை ஊன்றி, சுவரைப் பிடித்து, கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்.

மாமா குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் தூக்கைக் கொடுத்தேன். "அது கைப்பழக்கம்மா" என்றார். மூடியை மூடிவிட்டு, "இல்லே?" என்று என்னையே கேட்டார்.

கைப்பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் போதும் என்று சொன்னவர் நாளைக்கு வரப்போறவனுக்காக ஏன் சேர்க்க வேண்டும்? அந்த விரலால் ஒரு காசைப் பிடிப்பதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. இதை நான் நம்புகிறேன், மாமாவையும் நம்பச் சொல்லியிருக்கிறேன். ஆபீஸில் விழுந்த அன்று டாக்டர் முன்னால் அவர் எந்தச் சாக்கைச் சொன்னார் என்பது மட்டும் இன்னும் எனக்குத் தெரியாது. அதற்குள் வெளியிலிருந்து வெந்நீர் ஆகவில்லையா என்று குரல் வந்தது. கொட்டாங்குச்சியை அள்ளிப் போட்டுப் பற்ற வைத்தேன், நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அந்தக் காசைக் காரியச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொன்னீர்கள், இந்த மலருக்கு எடுக்கலாம் என்றும் சொன்னீர்கள். காரியமும் வருஷமும் தெரிந்து வருகிற செலவு, அதற்கு அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று மாமா மறுத்து, தூக்கை மூட்டைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார். ஆகவே இது எங்கள் கைக்காசில் அச்சடித்தது. தாள் கொஞ்சம் மெலிதாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா விழுந்ததும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிய ஆபீஸ் பெண்களுக்கும், நெற்றியைத் தடவிக்கொடுத்த அந்த நர்ஸுக்கும், சில்லறையை நோட்டாக்கிக் கொடுத்த கண்டக்டர் அண்ணனுக்கும், பொறுமையாகக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கும், ஊருக்குப் போன பிறகும் போன் செய்து விசாரித்த ஒடிசாக் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த தெருவாருக்கும், தூரத்திலிருந்து வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று மட்டும் தெரியவில்லை.

போன வாரம் இந்த மலருக்காக அச்சகத்தில் விசாரித்துவிட்டு, காசில்லாத டிக்கெட்டில் பஸ் ஏறி நீலசந்திரா வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். நேராகக் குளியலறைக்குப் போய் மூட்டையை அவிழ்த்து, டிக்கெட் காசைத் தூக்கில் போட்டேன். சத்தம் கேட்டு மாமா உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"யாருக்கும்மா?"

"வரப்போறவனுக்கு, மாமா."

பிறகு, "கொடுத்தாச்சா?" என்றார்.

"கொடுத்தாச்சு" என்றேன்.